படம் பாக்கப் போனவரு

ரெண்டு நாளா மனசு ஒரு நிலையில இல்ல. எழுதினாத்தான் அடங்கும்னு உக்காந்துட்டேன். நீளமாப் போகும். டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

விஷயம் ஒரு டாக்குமெண்டரி. சனிக்கிழமை ராத்திரி, ஜமுனாமரத்தூர்ல என்னோட வாடகை வீட்டுல, நாலு பேரு சேந்து பாத்தோம். நான், செங்கத்துப் பக்கத்துல இருந்து வந்திருந்த பெரியம்மா, சினிமாப் பைத்தியம் புடிச்ச அக்கா பையன், பக்கத்து வீட்டு அக்கா. (அக்கா இந்த மலையிலயே பொறந்தவங்க, மலையாளி. கேரளாவுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஜவ்வாது மலையில காலங்காலமா சாமை வெதைச்சு, தேன் எடுத்து, புளி உலுக்கி வாழற ஜனங்களுக்கே அதான் பேரு.)

மலையில வீடியோ பாக்குறது லேசுப்பட்ட வேலை இல்லங்க. சிக்னல் வாசப்படியில நிக்கும், உள்ள வராது. அதனால பையன் போளூர்லயே இறக்கி, பென்டிரைவுல போட்டுக்கிட்டு வந்தான். டிவில சொருகினா படம் வருது, சத்தம் வரல. லேப்டாப்ல போட்டா சத்தம் வருது, நாலு பேருக்கு திரை பத்தல. கடைசில டிவில படம், செல்போன் ஸ்பீக்கர்ல சத்தம். வாய் அசைஞ்சு ஒரு நொடி கழிச்சு பேச்சு வரும். பெரியம்மாவுக்கு அது பெரிய குறையாத் தெரியல. "அவனுங்க பேசுறது எப்படியும் புரியப் போறதில்ல, முன்னாடி வந்தா என்ன, பின்னாடி வந்தா என்ன"ன்னுட்டாங்க.

என்ன படம்னு சொல்லலியே.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. 1957-ல வந்தது, டேவிட் லீன் எடுத்தது. அதை எப்படி எடுத்தாங்கன்னு லாரன்ட் பூசரோ 2000-ல டிவிடிக்காக ஒரு மேக்கிங் படம் பண்ணாரு. அதைத்தான் பாத்தோம்.

மூலப் படத்தை நான் காலேஜ் படிக்கறப்ப பாத்தேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், இதை முதல்லயே சொல்லிடறேன். இரண்டாம் உலகப் போர் நேரம். தாய்லாந்துக் காட்டுல ஜப்பான்காரங்க முகாம். அங்க கைதியா இருக்கற பிரிட்டிஷ் கர்னல், எதிரிக்காக ஒரு ரயில் பாலம் கட்டித் தரணும். முதல்ல மறுக்கறவரு, அப்புறம் அந்தப் பாலத்து மேலயே ஆசை வெச்சுடறாரு. யாருக்காகக் கட்டுறோம்ங்கறதே மறந்து போகுது. அலெக் கின்னஸ் நடிச்ச அந்த முகத்தை இன்னைக்கும் மறக்க முடியல. கைதிங்க விசில் அடிச்சுக்கிட்டே முகாமுக்குள்ள நடந்து வருவாங்களே, அந்த ராகம் உங்கள்ல பாதிப் பேருக்கு எங்கேருந்து வந்ததுன்னு தெரியாமலே தெரிஞ்சிருக்கும். 7 ஆஸ்கர் வாங்குச்சு.

வம்பும் அந்த அளவுக்கு இருந்துச்சு. அந்த முகாம்ல நிஜமா இருந்து பிழைச்சு வந்த சிப்பாய்ங்களுக்கு படத்தைப் பாத்து கடுங்கோபம். அவங்களோட நிஜமான தலைவர் ஃபிலிப் டூசி, எதிரிக்கு மனசாரப் பாலம் கட்டித் தந்த ஆள் கிடையாது. கறையானைப் புடிச்சு மரத்துல விட்டது, கான்கிரீட்டை வேணும்னே கெட்டுப்போக விட்டதுன்னு அவர் தலைமையில நடந்த வேலைகளை அவரோட ஆளுங்க கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஜப்பான் பக்கமும் மனத்தாங்கல். படத்துல ஜப்பான்காரங்களுக்கு ஒரு பாலம் ஒழுங்காக் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரன் வந்துதான் சொல்லித் தரான். நிஜத்துல அவங்ககிட்ட நல்ல எஞ்சினியருங்க இருந்தாங்க. படத்துல தகர்ந்து போற பாலத்தோட இரும்பு வடிவம் தாய்லாந்துல காஞ்சனபுரியில இன்னைக்கும் நிக்குது. குண்டு விழுந்ததைச் சரி பண்ணி, ரயிலும் ஓடுது.

(இன்னொண்ணு. நாவல் எழுதின பிரெஞ்சுக்காரர் பியர் பூல் ஆத்துப் பேரையே மாத்தி எழுதிட்டாரு. பாலம் இருந்தது மே க்லாங் ஆத்துல. படம் பாத்துட்டு வந்த சுற்றுலாக்காரங்க 'குவாய் ஆறு எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கவும், தாய்லாந்து அரசாங்கம் 1960-ல அந்த ஆத்துப் பகுதிக்கே க்வே யாய்னு பேரை மாத்திடுச்சு. ஒரு சினிமா ஆத்துக்குப் பேரு வெச்ச கதை.)

ஆனா சினிமாவுக்காகக் கட்டின பாலம் தாய்லாந்துல இல்ல. இலங்கையில. களனி ஆத்தங்கரையில கித்துல்கல. இதைச் சொன்னதும் பெரியம்மா நிமிந்து உக்காந்தாங்க. "கண்டியா?"

எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு இலங்கைன்னா கண்டிதான். மலாயான்னா பினாங்கு.

நான் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு உக்காந்தேன். முதல்ல வரிக்கு வரி சொல்லிப் பாத்தேன். பத்து நிமிஷத்துல தொண்டை கட்டிப்போச்சு, யாருக்கும் படமும் புரியல, நானும் புரியல. அப்புறம் நிறுத்தி நிறுத்தி சொன்னேன். பையன் கத்தினான், "சித்தி, ஃப்ளோ போகுது!" கடைசில பெரியம்மாவே தீர்ப்பு சொன்னாங்க: "எங்களுக்கா தோணும்போது கேக்கறோம், அப்ப சொல்லு." இதை முதல்லயே செஞ்சிருக்கணும். ஏன்னா அவங்க கேட்ட கேள்விங்க எனக்கு ஒரு காலத்துலயும் தோணியிருக்காது.

மரத்தாலயே கட்டின பாலம் திரையில வந்துச்சு. 425 அடி நீளம். 1,500 மரம் வெட்டினாங்கன்னு கணக்கு.

பக்கத்து வீட்டு அக்கா உடனே, "யாரு வெட்டுனது?"

"அந்த ஊரு ஆளுங்க. ஐநூறு பேரு, எட்டு மாசம் வேலை செஞ்சாங்களாம்."

"மேஸ்திரி வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்களா?"

எனக்குப் பதில் வரல. அக்கா ஏன் கேட்டாங்கன்னு இந்த மலையில இருக்கறவங்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதி பக்கத்துல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு 20 தமிழங்களைச் சுட்டாங்களே, அதுல ஜவ்வாது மலை ஆளுங்களும் இருந்தாங்க. கட்டட வேலை, பெயிண்ட் வேலைன்னு சொல்லி ஏஜென்ட் கூட்டிட்டுப் போன கதைங்க இங்க ஊருக்கு ஊரு இருக்கு. மரம் வெட்டுற ஆளை சினிமாவுல பாத்தாலும் அக்காவுக்கு முதல்ல அந்த மேஸ்திரி ஞாபகம்தான் வருது.

யானைங்க வந்ததும் வீடு கலகலப்பாச்சு. மரம் இழுக்க யானை வெச்சிருந்தாங்க. எத்தனைன்னு ரெண்டு கணக்கு இருக்கு. 35-ங்கறாங்க, 48-ங்கறாங்க. யானைங்க நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், பாகன் என்ன சொன்னாலும் கேக்காம, ஆத்துல இறங்கிப் படுத்துக்குமாம். அந்த நேரம் வேலை நிக்கும். பெரியம்மா கைதட்டாத குறை. "பொழைக்கத் தெரிஞ்ச ஜீவன்!" அக்காவுக்கு யானைன்னா ஆசையும் உண்டு பயமும் உண்டு. இந்த மலையைச் சுத்தி ரொம்ப வருஷம் யானைங்க திரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 2013-ல கும்கிங்களைக் கொண்டாந்து 6 யானையைப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. அந்தக் கதை ஒரு கால் மணி நேரம் ஓடுச்சு. படம் பாஸ்ல நின்னுச்சு. பையன் தலையில கை வெச்சுக்கிட்டான்.

அப்புறம் பாலம் வெடிக்கிற கட்டம். இது நிஜமாவே மயிர்க்கூச்செறியுற கதைங்க, மேக்கிங் படங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1957 மார்ச் 10. பிரதமர் பண்டாரநாயக்கா உட்பட பெரிய மனுஷங்கல்லாம் வந்து உக்காந்தாச்சு. ஒரே ஒரு தடவைதான் வெடிக்க முடியும், நிஜ ரயிலு, நிஜப் பாலம். அங்கங்க கேமரா. ஒவ்வொரு கேமராமேனும் பத்திரமான இடத்துக்குப் போயிட்டா தகவல் தரணும். ரயில் கிளம்பிருச்சு. ஒருத்தர்கிட்டருந்து தகவல் வரல. வெடிச்சா அந்த மனுஷன் செத்துருவாரோன்னு லீன் நிறுத்தச் சொல்லிட்டாரு. பாலம் வெடிக்கல. ஓட்ற ஆள் இல்லாத ரயில் பாலத்தைத் தாண்டி அந்தாண்ட போயி ஜெனரேட்டர்ல மோதி நின்னுச்சு. ராவோட ராவா ரயிலைத் தூக்கி நிறுத்தி, மறுநாள் 11-ந் தேதி வெடிச்சாங்க. படத்துல நாம பாக்குறது அந்த வெடிப்புதான்.

ஒரு மனுஷன் உசுருக்காக அவ்வளவு பெரிய வெடிப்பை நிறுத்தினாங்க பாருங்க, அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அது நல்ல காரியம். முழு மனசோட சொல்றேன்.

பையன் எழுந்து நின்னு விளக்க ஆரம்பிச்சான். இன்னைக்குன்னா கம்ப்யூட்டர்ல பண்ணிருவாங்க, அந்தக் காலத்துல நிஜமா பண்ணாங்க, அதான் சினிமா, அது இதுன்னு. பாலத்துக்கு 2,50,000 டாலர் செலவுன்னு விளம்பரம் பண்ணாங்க, ஆனா உண்மையில 52,000 டாலர் சொச்சம்தான்னும் சொன்னான். இந்த மாதிரி விவரமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அவனேதான் அடுத்ததையும் சொன்னான். பெருமையா ஆரம்பிச்சான், பாதியில குரல் இறங்கிருச்சு. "சித்தி, இந்தக் கைதிங்க எல்லாரும் வெள்ளைக்காரங்க இல்ல தெரியுமா? அவ்வளவு வெள்ளைக்காரங்களைக் கொண்டாந்தா செலவு. அதனால இலங்கை ஆளுங்களுக்கே வெள்ளைப் பூச்சுப் பூசி, பின்னாடி வரிசையில நிறுத்தினாங்க."

பெரியம்மா கேட்டாங்க: "அப்ப நம்ம ஆளுங்க எங்க?"

"அதான் சொன்னேனே பாட்டி, வெள்ளை பூசி..."

"அது வேஷம்டா. நம்ம ஆளா வந்த நம்ம ஆளுங்க எங்க?"

அங்கதான் எனக்கு எல்லாம் நின்னு போச்சு.

இப்ப நான் கொஞ்சம் பின்னாடி போகணும். பொறுத்துக்குங்க.

அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்துல பான் போங்ல ஆரம்பிச்சு பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும். 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. பர்மாவுக்குப் படைக்கு சாமான் அனுப்பணும், கடல் வழியில நேச நாட்டுக் கப்பலுங்க அடிக்குது, அதனால காட்டு வழி. நேச நாட்டுப் போர்க் கைதிங்க சுமார் 60,000 பேரு வேலை செஞ்சாங்க, 12,000 பேருக்கு மேல செத்தாங்க. சினிமா சொல்ற கதை இவங்களோடது.

அதே பாதையில ஆசியத் தொழிலாளிங்க 1,80,000-க்குக் குறையாது. பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனங்க, தமிழங்க. மலாயாவுல இருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல, அதுல பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தமிழங்க. செத்தவங்க மொத்தம் 90,000 பேரு வரைக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. சிப்பாய்ங்களுக்குப் பட்டாள டாக்டருங்க இருந்தாங்க. அதிகாரிங்க இருந்தாங்க, யாரு செத்தா, எங்க புதைச்சோம்னு எழுதி வெச்சாங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு யாரும் இல்ல. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்ப குடிசை குடிசையா போயிட்டாங்க. போர் முடிஞ்சதும் காஞ்சனபுரியில சிப்பாய்ங்களுக்கு மயானம் வெச்சாங்க. புல்லு வெட்டி, பூச்செடி வெச்சு, கல்லுல பேரு பொறிச்சு, கிட்டத்தட்ட 7,000 சமாதி. அழகா வெச்சிருக்காங்க. வெக்கணும். நம்ம ஆளுங்க கிடந்தது மொத்தக் குழியில.

எப்படிக் கொண்டுபோனாங்கன்னு கேளுங்க. மலாயாவை ஜப்பான் புடிச்சதும் ரப்பர் வாங்க ஆளில்ல. தோட்டம் படுத்துருச்சு, அரிசி இல்ல, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூணு மாச வேலைதான்னு முதல்ல ஆசை காட்டினாங்க. போனவன் எவனும் திரும்பல. ஆளு வரத்து நின்னு போச்சு. அப்புறம் ரோட்டுல போறவனைப் புடிச்சு லாரியில ஏத்தினாங்க. இன்னொரு வழியும் கண்டுபுடிச்சாங்க. இலவச சினிமா காட்டுறோம், வாங்கன்னு சொல்லுவாங்க. கொட்டாய் நிறைஞ்சதும் கதவைச் சாத்துவாங்க. உள்ள இருந்த ஆம்பளைங்களை அப்படியே ரயிலேத்திருவாங்க.

எங்க பாட்டிக்கு ஒரு அண்ணன். 1937-ல, பத்தொம்போது வயசுல, கங்காணி பின்னாடி போயி மெட்ராஸ்ல கப்பலேறி மலாயா போனாரு. மறு வருஷமே இந்திய சர்க்கார் மலாயாவுக்குக் கூலியாளு அனுப்புறதைத் தடுத்துருச்சு. ஒரு வருஷம் தள்ளியிருந்தா அவரு போயிருக்கவே மாட்டாரு. ரெண்டு கடுதாசி வந்துச்சு, பேராக் பக்கத்துத் தோட்டத்துல பால் வெட்டறேன்னு. அப்புறம் சண்டை வந்துருச்சு. ஒண்ணும் இல்ல. நேதாஜி படையில சேந்துட்டான்னு ஒருத்தர் சொன்னாராம். சண்டை முடிஞ்சு பக்கத்து ஊருக்குத் திரும்பி வந்த ஒருத்தர் பாட்டிகிட்ட ஒரே வரிதான் சொன்னாராம்:

"படம் பாக்கப் போனாரும்மா. திரும்பல."

எங்க வீட்டுல யாருக்கும் அது விளங்கல. படம் பாக்கப் போன மனுஷன் எங்க போவான்? வேற பொம்பளையோட போயிட்டான்னு பேசினாங்களாம். குடிச்சுட்டுக் கிடப்பான்னு பேசினாங்களாம். பாட்டி அதுக்கப்புறம் சினிமாக் கொட்டாய்ப் பக்கம் போகல. ஊருக்கு டூரிங் கொட்டாய் வந்தப்ப ஊரே பாயைச் சுருட்டிக்கிட்டுப் போகும். பாட்டி வாசத்திண்ணையில உக்காந்திருப்பாங்க. எங்கம்மாவும் பெரியம்மாவும் படம் பாத்துட்டு வர்ற வரைக்கும் தூங்க மாட்டாங்க. தலையை எண்ணிப் பாத்துட்டுத்தான் படுப்பாங்க. நாங்கல்லாம் பாட்டி ஒரு மாதிரி, சாமி பக்தி ஜாஸ்தி, சினிமா பிடிக்காதுன்னு நெனச்சோம். 2005-ல அவங்க போற வரைக்கும் வீட்டு டிவில படம் ஓடினாக்கூட எழுந்து பின்கட்டுக்குப் போயிருவாங்க.

பெரியம்மாவுக்கு அவரு தாய்மாமன். 'மலாயா மாமா'ன்னுதான் வீட்டுல பேச்சு. பெரியம்மா வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீர் வெக்க ஆளில்ல. பாட்டி ஒரு தாம்பாளத்துல வெத்தலை பாக்கு மட்டும் வெச்சு, அதை யாரையும் தொட விடாம, சடங்கு முடியுற வரைக்கும் மணையில வெச்சிருந்தாங்களாம்.

இலவச சினிமா விஷயத்தை நான் தெரிஞ்சுக்கிட்டது அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடிதான். குறிஞ்சி வேந்தன் எடுத்த 'சயாம் பர்மா மரண ரயில் பாதை' டாக்குமெண்டரியைத் தேடிப் பாத்தேன், பிழைச்சு வந்த பெரியவங்க தமிழ்லயே பேசுறதைக் கேட்டேன். அப்புறம் கையில கிடைச்சதெல்லாம் படிச்சேன். மலேசியாவுல ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்'னு ஒரு நாவல், அ.ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்'னு ஒரு நாவல், ரெண்டும் இதைப் பத்தினதுதான். அப்படிப் படிக்கையில கொட்டாய்க் கதவைச் சாத்தின விஷயம் வந்துச்சு. புஸ்தகத்தை மூடி வெச்சுட்டேன். பாட்டி போயி அதுக்குள்ள பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. ஓடிப்போயி யாருகிட்ட சொல்லுவேன், உங்க அண்ணன் எங்கயும் ஓடிப்போகல பாட்டின்னு?

பெரியம்மாகிட்டயும் சொல்லாமலே இருந்தேன். வயசான காலத்துல எதுக்குன்னு.

சனிக்கிழமைதான் சொன்னேன். "நம்ம ஆளுங்க எங்க"ன்னு அவங்க கேட்டப்ப.

அந்த மேக்கிங் படம் முடியுற வரைக்கும் பாத்தோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்க நாலு பேரு காதுலயும் 'தமிழ்'ங்கற வார்த்தை ஒரு தடவைகூட விழல. யானை வந்துச்சு, மரம் வந்துச்சு, டாலர் வந்துச்சு. என் கோபம் இதுதான், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். சினிமாக்காரன் கதைக்காக ஒரு பக்கத்தை விட்டுட்டான்னா, சரி, அது கதை. ஆனா நாப்பத்திமூணு வருஷம் கழிச்சு, அந்தக் கதை எப்படி உருவாச்சுன்னு சொல்ல உக்காந்த ஆளு, அதுல எது விட்டுப் போச்சுன்னு சொல்லணும் இல்லியா? மேக்கிங் படத்துக்கு அதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கு?

படம் எடுத்த இடத்தையே எடுத்துக்குங்க. 1956-57. கித்துல்கல சுத்துவட்டாரத்துல ரப்பர் தோட்டம், தேயிலைத் தோட்டம், அதுல நம்ம வம்சத்து ஜனங்க. 1948-ல கொண்டாந்த குடியுரிமைச் சட்டத்தால அதுல பெரும்பாலானவங்களுக்கு நாடே இல்லாம போயிருந்துச்சு. ஓட்டும் போயிருச்சு. 1956 ஜூன்ல சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டாந்த அதே பிரதமர்தான் வெடிப்பைப் பாக்க வந்து உக்காந்திருந்தவரு. ரப்பர் மரத்துக்காகக் கடல் தாண்டிப்போன தமிழங்க ஒரு நாட்டுல ரயிலுக்குச் செத்தாங்க, இன்னொரு நாட்டுல நாடில்லாம நின்னாங்க. நடுவுல ஆத்துல அந்தச் சினிமாப் பாலம்.

இன்னொரு விஷயமும் என்னைப் போட்டு அறுக்குது. இந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதினது கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். ரெண்டு பேரும் கம்யூனிஸ்டுன்னு ஹாலிவுட்ல கறுப்புப் பட்டியல்ல இருந்தாங்க. அதனால பேரு போடல. ஆஸ்கரை, இங்கிலீஷ்ல எழுதவே வராத பியர் பூல் பேருக்குக் கொடுத்தாங்க. 1984-லதான் அந்த ரெண்டு பேருக்கும் விருது போச்சு, அப்ப ரெண்டு பேரும் உசுரோட இல்ல. இந்தப் படத்தைப் பத்தி எங்க எழுதினாலும் இந்தக் கதை வரும், எல்லாரும் வருத்தப்படுவாங்க. நானும்தான். பேரு போடாம விட்டா அது அநியாயம்னு அவங்களுக்கு எவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்கு!

எங்க செங்கம் பக்கத்துல பேரு விட்டுப் போகக் கூடாதுங்கற அக்கறை ரொம்பப் பழசு. ஊருக்கு ஊரு நடுகல் இருக்கு. மாடு புடிக்க வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தவன், ஊரைக் காப்பாத்தப் போயிச் செத்தவன், அவனுக்கு ஒரு கல்லு, அதுல உருவம், பேரு, எதுக்குச் செத்தான்னு ரெண்டு வரி. 1972-ல தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்'னு புஸ்தகமே போட்டுச்சு. எங்க ஜனங்க அந்தக் கல்லை வேடியப்பன்னு கும்புடறாங்க. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர்ல ஒரு கல்லு இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது, 1,400 வருஷம் ஆச்சு. எஜமான் செத்த இடத்துல நின்னு ரெண்டு திருடங்களைக் கடிச்ச நாயும் அந்தக் கல்லுல இருக்கு. அதோட பேரும் பொறிச்சிருக்காங்க. கோவிவன்.

2023 மே மாசம் காஞ்சனபுரியில நம்ம ஆளுங்களுக்கு ஒரு நடுகல் வெச்சாங்க. தமிழ்நாட்டு அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்துச்சு. எண்பது வருஷம் ஆச்சு அதுக்கு. செய்தியில பாத்த அன்னைக்கு நான் பள்ளிக்கூட வராந்தாவுல நின்னு அழுதேன், பிள்ளைங்க பயந்துட்டாங்க.

இதெல்லாம் சொல்லி முடிச்சப்ப மணி பதினொண்ணு. வெளிய பனி கொட்டுது. பெரியம்மா ரொம்ப நேரம் பேசல. பக்கத்து வீட்டு அக்கா போர்வையை எடுத்து அவங்க மேல போத்திவிட்டாங்க. கடைசில பெரியம்மா வாயைத் திறந்து, "எங்கம்மாளுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"ன்னாங்க. "காரணம் தெரியாட்டியும் அந்தாளு சொன்ன வார்த்தையை நம்பியிருக்கா. நாங்கதான் நம்பல."

அப்புறம், "என்னா படம் போட்டிருப்பான்?"

எனக்குத் தெரியல பெரியம்மான்னேன்.

பையன்தான், சின்னப் பையன், நேராக் கேட்டுட்டான். "பாட்டி, மலாயா மாமா பேரு என்ன?"

பெரியம்மா வாயைத் திறந்தாங்க. மூடிட்டாங்க. என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன். பாட்டி 'எங்கண்ணன்'னுதான் சொல்லுவாங்க. பெரியம்மாவுக்கு 'மாமா'. எங்களுக்கு 'மலாயா மாமா'. அவ்வளவுதான். ஒரு மணி நேரமா அந்த டாக்குமெண்டரிக்காரங்களை ஏன் பேரு சொல்லலன்னு கேட்டுக்கிட்டு இருந்த வீட்டுல யாருக்கும் அவரு பேரு தெரியல.

ஞாயித்துக்கிழமை காலையில இருந்து பெரியம்மா போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. (வாசப்படியில நின்னுதான், சிக்னலுக்காக.) ஒரு சித்தப்பா ஒரு பேரு சொன்னாரு. ஒரு அத்தை அது அவரோட அப்பா பேருன்னாங்க. இன்னொருத்தர், தாத்தா காலத்துப் பாகப்பத்திரம் ஒண்ணு இருக்கணும், அதுல காணாமப் போன அண்ணனுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கியிருந்தாங்க, அதுல பேரு கட்டாயம் இருக்கும்னாரு. பத்திரம் இரும்புப் பெட்டியில. பெட்டி பழைய வீட்டுப் பரண்ல. சாவி யாருகிட்ட இருக்குன்னு இன்னும் தெரியல.

வர்ற சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் இறங்குறோம். பையன் சுத்தியல் கொண்டாறேன்னு சொல்லியிருக்கான்.